வாயால் சொன்ன ‘இல்லை’

லண்டனில் சில ஆண்டுகள் நான் தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் வேலை செய்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டு மேசையில் உட்கார்ந்தால், ஒரே நாளில் மருத்துவமனை, பாடசாலை, பொலிஸ் நிலையம், கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றம் என்று எங்கிருந்தெல்லாமோ அழைப்பு வரும். மருத்துவமனை அழைப்புகளில் எனக்குச் சொல் கிடைக்காமல் போனதுண்டு. கவுன்சிலின் வீட்டுப் பிரிவு அழைப்புகளில் அந்தச் சிரமம் வந்ததே இல்லை, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் தமிழாக்க வேண்டியிருந்தது: “பெய்லிஃப் வரும் திகதி தெரிந்த பிறகு வாருங்கள், அதுவரை அந்த வீட்டிலேயே இருங்கள்.” பெய்லிஃப் என்பவர் நீதிமன்ற உத்தரவோடு ஆட்களை வீட்டிலிருந்து வெளியேற்ற வருபவர். நான் அந்த வாக்கியத்தைப் பிழையின்றி, மரியாதையாகச் சொல்வேன். மறுமுனையில் இருப்பவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி தம்பி, நன்றி” என்பார். அழைப்பு முடிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. “அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்ல என் வாய் பலமுறை துடித்திருக்கிறது. ஆனால் தொடக்கத்தில், சொல்லக்கூடிய அந்த வார்த்தையின் பெறுமதியே எனக்குத் தெரியாது. உத்தியோகத்தர் சொல்வதுதான் சட்டம் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த வேலையை விட்ட பிறகு, சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான், இத்தனை காலமும் நான் எதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன் என்பது மெல்ல விளங்கியது.

இங்கிலாந்தில் வீடற்றோருக்கு உள்ளூராட்சி மன்றங்கள் சட்டப்படி கடமைப்பட்டவை என்ற நிலை 1977ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. ஸ்டீபன் ரோஸ் என்ற லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், அரசாங்கத்தின் சார்பிலன்றித் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம் அது. இன்று நடைமுறையில் இருப்பது 1996ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் ஏழாம் பகுதி. அதைப் பெருமளவில் திருத்திய வீடின்மைக் குறைப்புச் சட்டமும் ஒரு தனிநபர் மசோதாதான். அதைக் கொண்டுவந்த பொப் பிளாக்மன், தமிழர்கள் நிறைந்து வாழும் ஹரோ கிழக்குத் தொகுதியின் உறுப்பினர். 2018 ஏப்ரல் 3 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தின்படி, இன்னும் 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கக்கூடிய ஒருவர் கவுன்சிலிடம் வந்தால், அந்த இழப்பைத் தடுக்க அவரோடு சேர்ந்து முயல வேண்டியது கவுன்சிலின் கடமை. அவருடைய நிலைமையை மதிப்பிட வேண்டும், அவருக்கென்று ஒரு வீட்டுத் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் சொல்லாமலே வெளியேற்ற அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் கொடுத்த ‘பிரிவு 21’ அறிவித்தல் செல்லுபடியானதாக இருந்து, அது 56 நாட்களுக்குள் முடிவதாக இருந்தால், அந்தக் கடமை தொடங்கிவிட்டது என்று சட்டமே வெளிப்படையாகச் சொன்னது. பெய்லிஃப் என்ற சொல் அங்கே வரவே இல்லை. பெய்லிஃப் வரும்வரை ஆட்களை அந்த வீட்டிலேயே இருத்தி வைப்பது நியாயமல்ல என்று அரசாங்கம் கவுன்சில்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டிக் கோவையும் சொல்கிறது.

அப்படியிருந்தும் அந்த வாக்கியம் எப்படி இத்தனை ஆண்டுகளாக உயிரோடிருக்கிறது? சட்டத்தின் 184ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு ஒரு விடை கிடைத்தது. ஒருவர் வீடற்றவராக இருக்கலாம் என்று நம்ப இடமிருந்தாலே போதும், கவுன்சில் விசாரிக்கத் தொடங்க வேண்டும். விசாரணையின் முடிவை எழுத்தில் தர வேண்டும், பாதகமான முடிவென்றால் காரணத்தையும், மீளாய்வு கேட்கும் உரிமையையும் அதிலேயே எழுத வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்தால் 21 நாட்களுக்குள் கவுன்சிலிடமே மீளாய்வு கேட்கலாம். மீளாய்விலும் தோற்றால், சட்டப் பிழை இருக்கிறதென்று மாவட்ட நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆக, எல்லாப் படிகளும் அந்த ஒரு கடிதத்தில் கால் வைத்துத்தான் ஏறுகின்றன. விண்ணப்பத்துக்கோ இன்ன படிவம் என்ற கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை. கவுன்டரில் நின்று “எனக்கு இருக்க இடமில்லாமல் போகப்போகிறது” என்று வாயால் சொன்னாலும் அது விண்ணப்பமே. விண்ணப்பிக்க வந்தவரின் வாய்ச்சொல் சட்டப்படி விண்ணப்பமாகிறது, உத்தியோகத்தரின் வாய்ச்சொல் சட்டப்படி முடிவே ஆவதில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர் விண்ணப்பித்தவரே. தான் விண்ணப்பித்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இதற்கு இங்கே வாசல் காத்தல் என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. சட்டத்தரணிகளும் ஆலோசனை நிலையங்களும் அதைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். கவுன்சில் உத்தியோகத்தர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அழைப்பு முடிந்த பிறகு, தொடர்பு அறுபடுவதற்கு முந்திய அந்தச் சில விநாடிகளில் பெருமூச்சு விட்டவர்களை நான் கேட்டிருக்கிறேன். 2024 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் 1,17,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தன, அவற்றில் இருந்த பிள்ளைகள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அப்படிப்பட்ட இடங்களுக்குக் கவுன்சில் செலவழிக்கும் காசில் மத்திய அரசு திருப்பித் தரும் பங்கு, 2011 ஜனவரியில் இருந்த வாடகை உதவி வீதத்தின் 90 சதவீதத்தோடு பல ஆண்டுகளாகக் கட்டிப்போடப்பட்டிருந்தது. அதன் பிறகு லண்டனில் வாடகை எங்கே போனது என்பதை இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சத்தைக் கவுன்சில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பத்தை இரண்டு மாதம் பிந்தி ஏற்றுக்கொண்டால் அந்த இரண்டு மாதச் செலவு மிச்சம். அந்தக் கணக்கு உத்தியோகத்தரின் மேசைக்கு வரும்போது எண்ணாக வருவதில்லை, “பெய்லிஃப் வந்த பிறகு வாருங்கள்” என்ற வழக்கமாகவே வருகிறது. புதிதாக வேலைக்கு வருபவர் அதையே விதியென்று படித்துக்கொள்கிறார். நான் நம்பியதைப் போலவே அவரும் நம்புகிறார் என்று நினைக்கிறேன்.

பின்னறைக்கு வந்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டும். அவரிடம் அனுமதி கேட்டு, அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவரை அக்கா என்றே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தவர், இரண்டு பிள்ளைகள், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பகுதிநேர வேலை. ஒன்பது ஆண்டுகளாக ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான், கோயிலில் கண்டால் நலம் விசாரிப்பவர். வீட்டை விற்கப்போவதாகச் சொல்லி இரண்டு மாத அறிவித்தலைத் தந்தார். அக்கா பத்தாம் நாளே கவுன்சிலுக்குப் போனார். டோக்கன் எடுத்து, இரண்டு மணிநேரம் காத்திருந்து, கவுன்டரில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரோடு நான்கு நிமிடம் பேசினார். பிறகு அதே வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினார். அந்த மொழிபெயர்ப்பாளர் நானல்ல, அப்போது நான் அந்த வேலையை விட்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் அவர் அந்த வாக்கியத்தைத் தமிழில் திருப்பிச் சொன்னபோது என் குரலையே நான் கேட்டேன்.

சொன்னபடியே அவர் வீட்டில் இருந்தார். வீட்டுக்காரர் நீதிமன்றம் போனார், அந்தச் செலவும் அக்காவின் தலையில் விழுந்தது. கோயிலில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தது, “ஒன்பது வருசம் இருக்க விட்டவருடைய வீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறா” என்று. இந்தப் பகுதியைக் கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தில் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெய்லிஃப் வந்த காலையில் பிள்ளைகள் சீருடையோடு நின்றார்கள். அன்று மாலை கவுன்சில் ஒரு விடுதியில் ஓர் அறை கொடுத்தது, சமையலறையும் குளியலறையும் மற்றவர்களோடு பொது. பிள்ளைகள் உள்ள குடும்பத்தையோ கர்ப்பிணியையோ அப்படிப்பட்ட விடுதியில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென்று 2003ஆம் ஆண்டு ஆணை ஒன்று சொல்கிறது. அக்காவும் பிள்ளைகளும் அங்கே 17 வாரம் இருந்தார்கள். இடையில் ஒரு விளக்கம்: அறைக்குள்ளேயே கழிவறையும், குளிக்க ஓர் இடமும், மூலையில் ஒரு சிறிய அடுப்பும் வைத்துத் தனி வாசல் விட்டுவிட்டால், அது எத்தனை ஒடுக்கமாக இருந்தாலும் அந்த ஆணையின் கண்ணுக்கு அது விடுதி அல்ல, ஆறு வாரக் கணக்கும் அதற்கு இல்லை. லண்டனில் நாள் வாடகைக்குக் கொடுக்கப்படும் பல அறைகள் இந்த இடைவெளிக்குள்தான் கட்டப்பட்டிருக்கின்றன. விடுதிக்காரர் அடுப்பு வைக்கச் சோம்பற்பட்டது அக்காவின் அதிர்ஷ்டம்.

அக்கா முறைப்பாடு செய்ய விரும்பவில்லை. “இடம் தந்தவர்கள் மேல் எப்படித் தம்பி குறை எழுதுவது? பிறகு வீடு தராமல் விட்டால்?” என்று கேட்டார். இந்தக் கேள்வி என் காதில் விழாத சனிக்கிழமை இல்லை. முறைப்பாடு என்றதும் எங்கள் ஆட்களுக்குப் பொலிஸ் நினைவு வரும், கிராம சேவகர் நினைவு வரும், அதிகாரியைப் பகைத்துக்கொண்டவன் பட்ட பாடெல்லாம் நினைவு வரும். அரசாங்கம் என்பது தானாக மனமிரங்கித் தருவது என்ற எண்ணம் எலும்பில் ஊறியிருக்கும்போது, அது எழுதி வைத்த விதியின்படி நடக்கக் கடமைப்பட்டது என்று சொன்னால் அது ஏதோ வாய்க்கொழுப்புப் போலத்தான் கேட்கும். முறைப்பாடு செய்ததற்காக ஒரு விண்ணப்பத்தைக் கவுன்சில் தட்டிக்கழிக்க முடியாது என்று நான் அவருக்கு மூன்று சனிக்கிழமை சொன்னேன். நான்காவது வாரம் அவரே ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார்.

எதை எந்த வாசலில் கேட்பது என்பதில்தான் பலர் காலத்தை இழக்கிறார்கள் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் வந்த முடிவு பிழையென்றால் மீளாய்வுதான் வழி. அங்கே முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தால் 21 நாட்களும் ஓடிவிடும், அதன் பிறகு அழுதாலும் கிடைக்காது. கவுன்சில் கடைசியாகத் தரும் வீடு பொருத்தமில்லையென்றாலும் மறுத்துவிடக் கூடாது, மறுத்தால் கடமை முடிந்துவிட்டதென்று கவுன்சில் கோப்பை மூடலாம். வீட்டை ஏற்றுக்கொண்டு, அதன் பொருத்தத்தை மீளாய்வு செய்யக் கேட்கலாம் என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது. இன்றிரவு படுக்க இடமில்லை, பிள்ளைகளோடு தெருவில் நிற்கிறோம் என்றால் சட்டத்தரணியும், கவுன்சில் சட்டப்படி நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதித்துறை மீளாய்வும்தான், முறைப்பாட்டுக்கு அந்த வேகம் கிடையாது. முறைப்பாட்டுக்கு உரியவை, விண்ணப்பத்தை எடுக்காமல் திருப்பி அனுப்பியது, பதில் தராமல் மாதக்கணக்கில் இழுத்தது, திட்டம் எழுதித் தராதது, விடுதியில் ஆறு வாரத்தைத் தாண்டி வைத்தது போன்றவை. கடிதமே இல்லாததால் மீளாய்வின் எல்லைக்குள் வராதவையெல்லாம் இங்கேதான் வந்து சேருகின்றன. முதலில் கவுன்சிலிடமே எழுத வேண்டும், வழக்கமாக இரண்டு கட்டம். முதல் கட்டத்துக்குப் பத்து வேலைநாட்களும், இரண்டாவதற்கு இருபது வேலைநாட்களும் எடுக்கலாமென்று 2024இல் வந்த முறைப்பாட்டுக் கோவை வகுத்திருக்கிறது. அதற்கு மேல், முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். நடந்தது தெரியவந்த 12 மாதங்களுக்குள் எழுத வேண்டும், செலவு எதுவுமில்லை. அவர் கவுன்சிலின் முடிவை மாற்றமாட்டார், ஆனால் முடிவெடுத்த முறையில் பிழையிருந்தால் அதைப் பிழையென்று எழுதுவார். மன்னிப்பும், இழப்புக்கு ஒரு தொகையும் பரிந்துரைப்பார். பொருத்தமற்ற இடத்தில் இருந்த காலத்துக்கு மாதத்துக்கு 150 முதல் 350 பவுண் வரை என்பது அவருடைய வழிகாட்டி. அந்தத் தொகையில் லண்டனில் ஒரு அறையை ஒரு வாரம் எடுக்கலாம்.

முடிவு கடிதமாக வரும்போது அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். நான்கு பிள்ளைகளோடு இருந்த டெரியான் சாமுவேல்ஸ் என்ற பெண்ணுக்கு வாடகை மாதம் 700 பவுண், வீட்டு உதவித்தொகை 548 பவுண் 51 பென்ஸ். மீதி 151 பவுண் 49 பென்ஸைச் சாப்பாட்டுக் காசிலிருந்து கட்டியிருக்கலாம், கட்டாமல் விட்டதால் அவர் வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று பர்மிங்ஹம் நகரசபை எழுதியது. மாவட்ட நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் அவர் தோற்றார். 2011இல் வீட்டை இழந்தவருக்கு 2019 ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் கணக்கிட்டுத் தரப்படும் உதவிப்பணத்தில் மிச்சம் பிடித்து வாடகை கட்டுவாரென்று சும்மா எதிர்பார்க்க முடியாது, அவருடைய நியாயமான தேவைக்கு எவ்வளவு வேண்டும் என்றே பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. எட்டு ஆண்டு என்பது ஒரு பிள்ளை வளர்ந்து முடிகிற காலம், அதில் பெருமைப்பட எதுவுமில்லை. ஆனால் அந்த 151 பவுண் 49 பென்ஸ் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருந்ததால்தான் அதன் மேல் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. கவுன்டரில் யாராவது “நீங்கள் வாடகை கட்டவில்லையே அம்மா” என்று சொல்லி அனுப்பியிருந்தால் அந்தத் தீர்ப்பே இல்லை.

புதிதாக அகதி அந்தஸ்துக் கிடைத்த இளைஞர்களின் கதை வேறு. அந்தஸ்துக் கடிதத்தைக் கொண்டாடி முடிப்பதற்குள் உள்துறை அமைச்சின் தங்குமிடத்தை விட்டு வெளியேறச் சொல்லி அறிவித்தல் வரும், பல ஆண்டுகளாக அதற்கான அவகாசம் 28 நாளாகத்தான் இருந்தது. தெரிந்தவர்கள் லண்டனில் இருப்பதால் அவர்கள் இங்கே வருவார்கள். ஆனால் அமைச்சு அவர்களை வைத்திருந்த ஊரோடுதான் சட்டம் அவர்களுக்கு உறவு வைத்திருக்கிறது. அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு தமிழ்க்கடைகூடத் தெரிந்திராது. அதோடு, பிள்ளை இல்லாத தனி ஆண் என்றால் தங்குமிடம் பெறுவதில் முன்னுரிமை கிடைக்க அவர் பலவீனமானவர் என்று காட்ட வேண்டும். வீடிழந்த சாதாரண ஆளோடு ஒப்பிடும்போது இவர் கூடுதலாகப் பாதிக்கப்படுவாரா என்பதுதான் கேள்வி என்று 2015இல் ஹோட்டக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பு, வீடற்றுத் தெருவிலிருக்கும் ஆளோடுதான் ஒப்பிட்டார்கள், அவரைவிட மோசமாக இருந்தால்தான் பலவீனம். முதுகில் தழும்போடு வந்த ஒரு தம்பி, சட்டையைக் கழற்றிக் காட்டவா என்று என்னிடம் கேட்டான். வேண்டாம், டொக்டரின் கடிதம் போதும் என்றேன். ஸ்கொட்லாந்தில் இந்த முன்னுரிமைப் பரிசோதனையையே 2012 இறுதியில் எடுத்துவிட்டார்கள். அதை அவனுக்குச் சொல்லவில்லை.

அக்காவின் முறைப்பாட்டுக்குக் கவுன்சிலின் முதல் பதில் எட்டாவது வேலைநாளில் வந்தது. அவர் அறிவித்தல் கிடைத்த காலத்தில் கவுன்சிலுக்கு வந்ததற்கான பதிவு எதுவும் இல்லை, பெய்லிஃப் வந்த நாளில்தான் முதன்முதலாகத் தொடர்புகொண்டார், அன்றே இடம் கொடுக்கப்பட்டது என்று மிகவும் பண்பான மொழியில் எழுதியிருந்தார்கள். நான் அதைத் தமிழில் வாசித்தபோது அக்கா முதன்முறையாகக் கோபப்பட்டார். அதுவரை வீடு பற்றியோ விடுதி பற்றியோ அவர் கோபப்பட்டதை நான் பார்த்ததில்லை. “நான் போகவில்லையாமோ?” என்று மட்டும் கேட்டார். அவரைப் பற்றிக் கவுன்சில் வைத்திருக்கும் தகவல்களின் பிரதியைக் கேட்டு எழுதினோம். சட்டப்படி ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், தந்தார்கள். அதிலும் அந்த நாள் இல்லை. நான்கு நிமிடம் பேசிய உத்தியோகத்தர் ஒரு வரி தட்டச்சு செய்யவில்லை. மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் கட்டணச் சீட்டில் அந்த அழைப்பு இருந்திருக்கும், ஆனால் அதில் ஆளின் பெயர் இருக்காது. நான் செய்த நூற்றுக்கணக்கான அழைப்புகளும் அப்படித்தான் எங்கேயோ நிமிடக் கணக்காக மட்டும் கிடக்கின்றன.

அடுத்த சனிக்கிழமை அக்கா பணப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு சிறு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். கவுன்சில் வாசலில் இயந்திரம் தந்த டோக்கன். வரிசை எண், வீட்டுப் பிரிவு என்ற குறிப்பு, திகதி, காலை 9.52 என்று நேரம். ஏன் அதை வைத்திருந்தார் என்று கேட்டேன். சோதனைச் சாவடிக் காலத்துப் பழக்கம் என்றார், எங்கே போனாலும் போனதற்கு ஒரு துண்டு கையில் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சானதால் எழுத்து அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. ஜன்னலோரமாகப் பிடித்துத் தொலைபேசியில் நான்கைந்து படம் எடுத்தோம்.

இரண்டாம் கட்டத்திலும் கவுன்சில் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, வந்திருக்கலாம் என்ற அளவில் நின்றது. ஒம்புட்ஸ்மனுக்கு எழுதிப் பல மாதம் காத்திருந்தோம். அதற்குள் அக்காவுக்கு வேறொரு தற்காலிக வீடு கிடைத்துவிட்டது, மகனின் பாடசாலைக்கு இரண்டு பஸ், ஆனால் சமையலறை சொந்தம். வீட்டுக்காரர்கள் காரணம் சொல்லாமல் வெளியேற்ற உதவிய பிரிவு 21ஐ ஒழிக்கும் சட்டம் 2025 ஒக்ரோபரில் நிறைவேறியபோது அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வீட்டை விற்பதற்கு இனி நான்கு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றேன். “நான்கு மாதம் முந்திப் போனாலும் அதே கவுன்டர்தானே தம்பி” என்றார்.

ஒம்புட்ஸ்மனின் முடிவு வந்த நாளில் அவர் வேலை முடிந்து நேரே வந்தார், கையில் வெங்காய மணம். மன்னிப்பு, ஒரு தொகை, முன்கவுன்டர் உத்தியோகத்தர்களுக்கு மறுபயிற்சி என்று பரிந்துரைகள் இருந்தன. தொகையை வாசித்தபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் திகதியில் அவர் கவுன்சிலுக்கு வந்தார், அன்றே அவருடைய விண்ணப்பத்தை எடுத்திருக்க வேண்டும் என்ற பந்தியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஆங்கிலத்தில் அந்தத் திகதி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பணப்பையிலிருந்து டோக்கனை எடுத்தார். அது இப்போது வெறும் வெள்ளைத் துண்டு, ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. அதைக் கடிதத்தோடு சேர்த்து மடித்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.